முதல் அத்தியாயத்தில் என் மாமியார்

சன்னலைச் சாத்தாதீங்கக்கா, அப்படியே இருக்கட்டும். வெயில் அடிச்சா அடிக்கட்டும், எனக்குக் காத்து வேணும். வெளியில இருக்கிற சூட்டைவிட என் வயித்துக்குள்ள இருக்கிற சூடு ஜாஸ்தி. பாப்பா காலை மட்டும் உங்க மடியில போட்டுக்கட்டுங்களா? இப்பத்தான் தூங்கினா. செருப்பைக் கழட்டிட்டேன், சேலையில அழுக்குப் படாது.

நீங்க கடைசி ஸ்டாப்புங்களா? நான் ஓலப்பாளையம். எங்க நங்கை வீட்டுக்கு. நங்கைன்னா எங்க வீட்டுக்காரரோட அக்கா, எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். விருந்துக்கெல்லாம் போகலை. எங்க மாமியார் கோவிச்சுக்கிட்டு அங்க போய் உட்கார்ந்திருக்காங்க. கூட்டிட்டு வரப் போறேன்.

சிரிக்காதீங்கக்கா. ஊர் உலகத்துல மருமகள்தான் கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போவா. மாமியார் வாசல்ல நின்னு 'போனா போகட்டும்'னு சொல்லுவாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் புருஷன் பூவும் பழமும் வாங்கிக்கிட்டுப் போய்க் கூட்டிட்டு வருவான். அதுதானே முறை? கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கோவிச்சுக்கிட்டுப் போனதில்லை. எனக்குக் கோபமே வராது. எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க, மோகனப்பிரியா எப்பவும் சிரிச்ச முகம்னுதான் சொல்லுவாங்க. அப்படிப்பட்டவளைப் பூவும் பழமும் தூக்கிக்கிட்டு பஸ் ஏற வச்சிருக்காங்க பாருங்க! இந்தப் பையில இருக்கறது சப்போட்டா. மாதுளை வாங்கலாம்னா அவங்களுக்குக் கடைவாய்ப் பல்லு இல்லை.

எல்லாம் ஒரு புத்தகத்தால வந்தது.

யார் எழுதின புத்தகமா? நான்தான். எழுதினேன்னு சொல்லக் கூடாது, ஆரம்பிச்சேன். முதல் அத்தியாயம் முக்கால்வாசி ஆயிருக்கு. அப்படிப் பார்க்காதீங்கக்கா. நான் பன்னெண்டாவது வரைக்கும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. கட்டுரைன்னா எனக்கு வெல்லம். கல்யாணம் மட்டும் ஆகலைன்னா இன்னும் படிச்சிருப்பேன். சரி, அது வேற கதை.

எங்க வீட்டுக்காரர் மாட்டுத் தீவனம் வாங்கப் போன இடத்துல ஏதோ கூட்டம் நடந்திருக்கு. வந்தவங்களுக்கெல்லாம் ஒரு பையும் ஒரு புத்தகமும் சும்மா கொடுத்திருக்காங்க. சுயமுன்னேற்றப் புத்தகம். பையை அவர் எடுத்துக்கிட்டார், புத்தகத்தை என்கிட்ட போட்டார். நானும் பாப்பாவைத் தூங்க வச்சுக்கிட்டே படிச்சேன். முதல் பக்கத்துலயே என்ன போட்டிருக்குங்கறீங்க? காலையில எல்லாருக்கும் முன்னாடி எழுந்திரிச்சு, வெந்நீர்ல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு குடிச்சுட்டு, ஒரு மணி நேரம் சன்னல் ஓரமா அமைதியா உட்காரணுமாம். உட்கார்ந்துக்கிட்டு 'நான் ஒரு சிங்கம், நான் ஒரு சிங்கம்'னு மனசுக்குள்ள சொல்லணுமாம்.

எனக்கு வந்துதே ஆத்திரம்! அந்த எழுதின மனுஷனுக்கு எருமை இருக்கா? விடியறதுக்கு முன்னாடி கட்டுத்தறியில அது கத்துற கத்துக்கு சிங்கம்கூட எழுந்து ஓடிரும். பாப்பா ஒரு பக்கம் பாலுக்கு அழும், அவர் ஒரு பக்கம் துண்டைக் காணோம்பார். நான் எந்த சன்னல்ல போய் உட்காரட்டும்? எங்க வீட்டுச் சன்னல் ஓரத்துல தவிட்டு மூட்டை இருக்கு.

அப்பவே முடிவு பண்ணினேன். நம்ம மாதிரிப் பொம்பளைங்களுக்கு ஒருத்தரும் புத்தகம் எழுதலை. நாமே எழுதிர வேண்டியதுதான். எருமை, குழந்தை, மாமியார் எல்லாத்தையும் வச்சுக்கிட்டே ஒருத்தி எப்படிச் சந்தோஷமா இருக்கறதுன்னு. தலைப்புக்கூட வச்சுட்டேன், 'மலர்ந்த முகம் நூறு வழிகள்'. நல்லாருக்குங்களா? எங்க வீட்டுக்காரர் 'முதல்ல பத்து வழி யோசி'ன்னார். அந்த மனுஷன் வாயில நல்லதே வராது.

ஆரம்பிக்கறதுதாங்கக்கா கஷ்டம். பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு உட்கார்ந்தேன்னா பாப்பா பேனாவைப் பிடுங்கிக்கும். இல்லைன்னா யாராவது வந்து 'என்ன, கணக்கு எழுதறயா?'ம்பாங்க. எனக்குக் கை ரெண்டும் சும்மா இருக்கிற நேரமே கிடையாது. வாய்தான் சும்மா இருக்கு. அதனால ஃபோன்ல பேசி ரெக்கார்டு பண்ணிக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஜெராக்ஸ் கடையில நசீமான்னு ஒரு பொண்ணு டைப் அடிக்கும், என்கூடப் படிச்சவளோட தங்கச்சி. அதுக்கு அனுப்பினா டைப் பண்ணித் தர்றேன்னுச்சு. எப்ப பேசறதுன்னு யோசிச்சேன். மாவாட்டறப்பத்தான். கிரைண்டர் ஓடுறப்ப எங்க வீட்ல ஒருத்தரும் அந்தப் பக்கம் வர மாட்டாங்க, சத்தம் ஆகாது. பாப்பாவும் அந்தச் சத்தத்துலதான் நல்லாத் தூங்கும்.

முதல் நாள் பிள்ளையார் சுழி போடணுமில்ல? ரெக்கார்டுல சுழியை எப்படிப் போடறது? 'பிள்ளையாரப்பா, காப்பாத்து'ன்னு வாயில சொல்லிட்டு ஆரம்பிச்சேன். நசீமா அதையும் சேர்த்து டைப் பண்ணி வச்சிருந்துச்சு. நடுவுல பாப்பாவை நான் 'மூக்குல கை வைக்காதடி'ன்னு அதட்டினதையும் டைப் பண்ணியிருந்துச்சு. 'அன்பான வாசகிகளே, மூக்கில் கை வைக்காதடி, வாழ்க்கை என்பது'ன்னு இருந்துச்சுங்க. சரி, நல்ல பொண்ணு, சொன்னதை அப்படியே செய்யும். அது ஒரே ஒரு குறைதான் சொல்லுச்சு. 'அக்கா, கிரைண்டர் சத்தம்தான் கேட்குது, நீங்க என்ன சொல்றீங்கன்னே தெரியலை, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க.' அன்னிக்கிருந்து நான் கத்திக் கத்திப் பேச ஆரம்பிச்சேன். அங்க வச்சது வினை.

ஆனா ஒண்ணு. அந்தச் சிங்கக்காரர் மாதிரி நான் வாய்க்கு வந்ததை எழுத மாட்டேன். ஒரு வழியைச் சொன்னா அதை நான் செஞ்சு பார்த்திருக்கணும். பலகாரம் பண்ணினா முதல் ஈட்டை எடுத்துப் பிட்டு வாயில போட்டுப் பார்த்துட்டுத்தானே அடுத்த ஈட்டைச் சுடுவோம்? அந்த மாதிரி. முதல் அத்தியாயம் என்ன வைக்கலாம்னு யோசிச்சேன். யோசிக்கவே வேண்டாம். மாமியார்தான். கல்யாணமான எந்தப் பொம்பளையைக் கேளுங்க, முதல் பிரச்சனை அங்கதான்.

கெட்டவங்கன்னு சொல்லலைங்கக்கா. எங்க அத்தை, மாராத்தாள்னு பேரு, பேசவே மாட்டாங்க. அதான் பிரச்சனை. நான் வந்த புதுசுல ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். 'தண்ணி வந்துருச்சு.' 'பால்காரன் வந்துட்டான்.' அவ்வளவுதான். நான் பாட்டுக்கு வாயாடி. செவுத்தோட பேசற மாதிரி இருக்கும். இவங்களைச் சிரிக்க வச்சுட்டா, உலகத்துல எந்த மாமியாரையும் சிரிக்க வச்சுரலாம்னு தோணுச்சு.

வழி என்னன்னா, நேரா புகழக் கூடாது. நேரா புகழ்ந்தா 'என்னமோ காரியம் இருக்கு'ன்னு நினைப்பாங்க. மூணாம் மனுஷர்கிட்ட புகழணும், இவங்க காதுல விழற மாதிரி. பக்கத்து வீட்ல பாவான்னு ஒரு அக்கா இருக்காங்க, செவுத்துக்கு அந்தப் பக்கம். அவங்ககிட்ட நான் சத்தமாச் சொன்னேன்: 'எங்க அத்தை கொள்ளுப்பருப்பு கடைஞ்சாங்கன்னா அந்த வாசத்துக்கே ரெண்டு சோறு சேர்த்துச் சாப்பிடலாங்கக்கா!' அத்தை அந்நேரம் கட்டுத்தறியில சாணி அள்ளிட்டு இருந்தாங்க. அள்ளின கை அப்படியே நின்னுது. நான் ஓரக் கண்ணால பார்த்தேன்.

உண்மையில அந்தக் கொள்ளுப்பருப்பு எப்படி இருக்கும்னு கேட்காதீங்க. உப்பும் இருக்காது, புளிப்பும் இருக்காது. பல்லு இல்லாததால அவங்களுக்குன்னு குழையக் குழையக் கடைஞ்சு வைப்பாங்க, களி மாதிரி.

மறுநாளே கொள்ளுப்பருப்பு. அதுக்கு மறுநாளும். நான் விடலை. சந்தைக்குப் போனா அங்க புகழ்வேன், மகளிர் குழுக் கூட்டத்துல புகழ்வேன், அவங்க காதுக்கு எப்படியாவது வந்து சேரும். நாளாக ஆக நடந்ததைப் பார்க்கணுமேக்கா! அந்தம்மா எனக்கு முன்னாடி எழுந்திருச்சுப் பால் கறந்துருவாங்க. நான் கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு வந்தா அடுப்புல காப்பி இருக்கும். சமையல்கட்டுப் பக்கமே என்னை விடலை. 'நீ போய்ப் பாப்பாவப் பாரு சாமி'ம்பாங்க. சாமிங்கறாங்க என்னை! பாப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, துணி துவைச்சுப் போட்டு... எனக்கு வேலையே இல்லாமப் போச்சு. பேச்சோ பேச்சு. எங்க இருந்துச்சோ அவ்வளவு பேச்சு அந்த வாயில. மழைக்காலத்துல வாய்க்கால்ல தண்ணி வர்ற மாதிரி வருது.

ஒரு நாள் என்னை உட்கார வச்சுத் தலைக்கு எண்ணெய் வச்சு விட்டாங்க. எங்க அம்மாகூட வச்சு விட்டதில்லை, அவளுக்குக் காட்டு வேலைக்கே நேரம் சரியா இருக்கும். அத்தை விரல்ல சொரசொரன்னு காய்ப்பு. ஆனா தலையில பட்டா தூக்கம் வரும். வச்சுக்கிட்டே சொல்றாங்க, 'எம்பட மாமியா சாகற வரைக்கும் நா ஆக்குன சோத்த ஒரு நாளு நல்லாருக்குன்னு சொன்னதில்ல கண்ணு. எங்கூட்டு மாமனும் சொன்னதில்ல. பெத்த ரெண்டும் சொன்னதில்ல. நா நெனச்சுக்குவேன், நம்முளுக்குக் கை வரல, அவ்வளவுதான்னு. இத்தன வயசுக்கு மேல நீ வந்து சொல்லிப்போட்ட.'

அவங்க கண்ணுல தண்ணி வேற. எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க! உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. வழி பலிச்சிருச்சுக்கா! அந்தக் கதையை மறக்கறதுக்குள்ள மறுநாள் மாவாட்டறப்பவே ரெக்கார்டு பண்ணிட்டேன், மூணாவது அத்தியாயத்துக்கு ஆகும்னு.

இப்படி எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கறப்பத்தான் அந்த நாள் வந்துச்சு.

மத்தியானம். அத்தை கொல்லைப்புறத்துல உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க. பாவா அக்கா, அவங்க ஓரகத்தி, இன்னும் ரெண்டு பேர் செவுத்துப் பக்கம் நின்னு ஊர்க்கதை பேசிட்டு இருக்காங்க. நான் உள்ளே கிரைண்டரைப் போட்டுட்டு ஃபோனை அரிசி டப்பா மேல சாய்ச்சு வச்சுட்டு ஆரம்பிச்சேன். அன்னிக்கு நல்ல வேகம். வார்த்தை தானா வந்து விழுது. தொண்டை கிழியக் கத்தறேன்:

'அன்பான வாசகிகளே! மாமியாரை வழிக்குக் கொண்டு வருவது எருமையைப் பழக்குவது போலத்தான்! முதலில் தடவிக் கொடுக்க வேண்டும்! என் மாமியார் கடையும் கொள்ளுப்பருப்பை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்! ஆனாலும் நான்...'

'என் மாமியார்'ங்கறப்பவே கரண்ட் போயிருச்சுக்கா. கிரைண்டர் நின்னுருச்சு. ஆனா பேசற வேகத்துல எனக்கு அது தெரியலை. கல்லு நின்ன பிறகும் என் வாய் நிக்கலை. 'ஆனாலும் நான் புகழ்ந்தேன்! வாய் கூசாமல் புகழ்ந்தேன்! இப்போது பாருங்கள், எருமை தானாக வந்து கறவைக்கு நிற்கிறது!' அவ்வளவும் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம்தான் எனக்கே என் குரல் கேட்டுது.

பாவா அக்காதான் முதல்ல சிரிச்சது. அதைப் பார்த்து மத்தவங்களும். அந்தப் பொம்பளைங்களை நான் என்ன சொல்றது! அடுத்த வீட்டுக்காரி ஏதோ எழுதறா, அது அவ வேலைன்னு போக வேண்டியதுதானே? நின்னு கேட்டு, சிரிச்சு, ஊர் முழுக்கச் சொல்லி! அவங்க மட்டும் சிரிக்காம இருந்திருந்தா அத்தை இதை இவ்வளவு பெரிசா எடுத்திருக்க மாட்டாங்க. சத்தியமாச் சொல்றேன். தப்பு அந்த பாவா அக்கா மேலதான். இல்லைன்னா நேரங்கெட்ட நேரத்துல கரண்டைப் பிடுங்கினவன் மேல. நசீமா மேலயும் பாதி இருக்கு, சத்தமாப் பேசுன்னது அதுதானே.

அத்தை என்ன பண்ணினாங்கன்னா, ஒண்ணுமே பண்ணலை. ஆய்ஞ்ச அவரைக்காயைக் கழுவினாங்க. உள்ளே வந்து பொரியல் பண்ணினாங்க. எனக்கும் பாப்பாவுக்கும் தட்டு வச்சுப் போட்டாங்க. நான் 'அத்தை, அது வந்து, புத்தகத்துக்காக'ன்னு சொல்ல வாயெடுத்தேன். அவங்க பாப்பா வாயைத் தொடச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. திட்டியிருந்தா தேவலை. ஒரு வார்த்தை திட்டலைங்கக்கா. பழையபடி செவுராயிட்டாங்க. மறுநாள் காலையில முதல் பஸ்ஸுக்கு ஒரு மஞ்சப் பையோட கிளம்பிப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட 'உங்கக்காளப் பாத்துட்டு வாரேன்'னாங்களாம். பார்த்துட்டு வர எவ்வளவு நாளாகும்? போனவங்க வரவே இல்லை.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்பா எழுதிட்டேன்? பேரு போட்டேனா? 'என் மாமியார்'னுதானே போட்டேன்? யாருக்குத் தெரியும் அது மாராத்தாள்னு? அதோட அது முடிவு இல்லைக்கா, அது நடுவுல வர்றது. எந்தக் கதையிலயும் முதல்ல ஆள் அப்படி இப்படித்தான் இருப்பாங்க, கடைசியிலதான் நல்லவங்களா வருவாங்க. கடைசி வரைக்கும் கேட்டிருந்தா அவங்களே சந்தோஷப்பட்டிருப்பாங்க. 'என் மாமியார் இன்று என் தாய்க்கும் மேலாக இருக்கிறார்'னு எழுதறதா இருந்தேன். பாதியில கேட்டுட்டுப் போனா நான் என்ன பண்றது? எருமைன்னு சொன்னதுக்கா கோபம்? எங்க வீட்ல எருமைக்கு இருக்கிற மரியாதை எனக்குக்கூட இல்லை. அதுக்கு மழையில நனையாம ஓடு போட்ட கொட்டாய், எனக்குச் சமையல்கட்டுல ஒழுகுது.

எங்க வீட்டுக்காரர் அதையே பிடிச்சுக்கிட்டார். 'நீ போய் மன்னிப்புக் கேளு.' என்னமோ நான் கொலை பண்ணிட்ட மாதிரி. நான் கேட்டேன், 'உங்க அம்மா ஆக்கின சோறு நல்லாருக்குன்னு நீங்க என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?'ன்னு. 'நல்லாருந்தாத்தானே சொல்றது'ன்னார். பார்த்தீங்களா! அவர் பொய் சொல்லாத அரிச்சந்திரன், நான் குற்றவாளி! அந்த மனுஷன் மூணு வேளையும் கடையில புரோட்டா தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் திரியறார்.

ஆமாங்க, அடுத்த ஸ்டாப்புல பால்பண்ணை வரும், அதுக்கும் அடுத்தது நான். இன்னும் நேரமிருக்கு.

நான் எதுக்குப் போறேன்னா, புத்தகத்துக்காகத்தான் போறேன். வேற ஒண்ணும் இல்லை. முதல் அத்தியாயம் நின்னு போச்சு. இந்த வழி பலிச்சிருச்சுன்னு எழுதணும்னா மாமியார் வீட்ல இருக்கணும். அவங்க கோவிச்சுக்கிட்டு மகள் வீட்ல இருக்கறப்ப 'ஒற்றுமையாக வாழ்கிறோம்'னு எழுதினா அது பொய். நான் பொய் எழுத மாட்டேன்னு முதல்லயே சொன்னேனில்ல? நசீமா வேற ஃபோன் பண்ணுது. 'அக்கா, கடைசியா அனுப்புனதுல உங்க பேச்சு பாதியில நின்னுருது. யாரோ சிரிக்கறாங்க. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை, கோழி மட்டும் கேறுது. அதை எப்படி டைப் பண்றது?'ங்குது. அதை எதுக்குடி டைப் பண்றேன்னு நல்லா ஏசி விட்டேன். பாவம், அது என்ன பண்ணும்.

பாப்பா வேற சரியாச் சாப்பிடறதில்லை. நான் ஊட்டினா வாயை மூடிக்குது. அவங்க என்ன கதை சொல்லி ஊட்டினாங்களோ தெரியலை, எனக்கு அது வரலை. நானும் நேத்து கொள்ளுப்பருப்பு கடைஞ்சேன். நல்லா உப்பு, புளி, வரமிளகா எல்லாம் போட்டுத்தான். என்னமோ தொண்டையில இறங்கலை. சரி, அடுப்பு சரியா எரியலை போல.

ஃபோன் பண்ணலையான்னா, பண்ணாம இருப்பேனா? எப்பப் பண்ணினாலும் நங்கைதான் எடுப்பாங்க. 'அம்மா தூங்குது.' காலையில பண்ணினாலும் தூங்குது, சாயங்காலம் பண்ணினாலும் தூங்குது. அவங்க வாழ்க்கையில பகல்ல படுத்ததே கிடையாது. இந்த ருக்குமணி நங்கை இருக்காங்களே, பெத்த தாயை வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்க மாட்டாங்க, இப்ப என்னமோ தாயும் மகளும் ஒண்ணு, நான் வேத்தாள்.

ஒரே ஒரு தடவை அவங்களே எடுத்துட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஃபோன்ல இருந்து பண்ணினேன், மகன்னு நினைச்சு எடுத்துட்டாங்க. யோசிச்சு வச்சதெல்லாம் மறந்து போச்சு. 'அத்தை, நீங்க இல்லாம வீடு வீடாவே இல்லீங்கத்தை'ன்னேன். எனக்கே தெரியாம வந்துருச்சு. அப்புறம் கேட்டாங்க, மெதுவா, கோபமே இல்லாமக் கேட்டாங்க:

'ரெக்கார்டு ஓடுதா சாமி?'

வச்சுட்டாங்க.

எப்படி இருக்கும் எனக்கு! சொல்லுங்க! ஓடலைங்கக்கா! சத்தியமா ஓடலை! அன்னிக்கு ஒரு தடவைதான் ஓடலை, அன்னிக்குப் பார்த்துக் கேட்கறாங்க! ஓடுறப்பல்லாம் நம்பினாங்க, ஓடாதப்ப நம்ப மாட்டேங்கறாங்க. இது என்ன நியாயம்? நான் இனிமேல் என்ன சொன்னாலும் அது அத்தியாயம்னு நினைச்சுக்குவாங்களா? உங்க கை நல்லா இருக்குதுங்கத்தைன்னா, இது எத்தனாவது வழின்னு கேட்பாங்களா? தலைக்கு எண்ணெய் வச்சு விடுங்கன்னா? அதையும்?

இல்லைங்கக்கா, அழலை. தூசி. நீங்க சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

நங்கை வீட்டு வாசல்ல போய் நின்னு முதல்ல என்ன சொல்றதுன்னுதான் வழியெல்லாம் யோசிச்சுட்டே வர்றேன். மன்னிப்புக் கேட்க முடியாது, நான் தப்பே பண்ணலை. புகழவும் முடியாது. பாப்பா ஏங்குதுன்னா, பாப்பாவை வச்சு ஏமாத்தறேன்னு நினைப்பாங்க. நூறு வழி எழுதறேன்னு கிளம்பினவளுக்கு ஒரு வாசப்படியைத் தாண்ட ஒரு வழி தெரியலை. எனக்கு அந்தச் சிங்கக்காரர் மேலதான் கோபம் கோபமா வருது. அவர் அந்தப் புத்தகத்தை எழுதாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன், அவங்க பாட்டுக்கு இருந்திருப்பாங்க, பேசாம.

பால்பண்ணை வந்துருச்சா? கூட்டத்தைப் பாருங்க, சாயங்காலப் பால் ஊத்தற நேரம். இந்த ஊருக்காரங்க, ஓலப்பாளையத்துக்காரங்க எல்லாரும் இங்கதான் கொண்டு வந்து...

அக்கா. அக்கா, கொஞ்சம் சாயுங்க. அந்தப் புளியமரத்துக்கிட்ட, பச்சைச் சேலை, அது எங்க அத்தை மாதிரி இல்ல? மாதிரி என்ன, அவங்களேதான்! ரெண்டு கையிலயும் கேன்! ரெண்டு கையிலயும் பால் கேனைத் தூக்கிக்கிட்டு ரோட்டோரமா நடக்க விட்டிருக்காங்க! அவங்களுக்கு வலது தோள்பட்டை தூக்க வராது, தெரியுமா உங்களுக்கு? தலை சீவறப்பவே வலிக்கும். இதான் தூங்கற லட்சணமா? ரெண்டு ஆம்பளைப் பசங்க இருக்கிற வீடு, நங்கை வீட்டுக்காரர் வண்டி வச்சிருக்கார், பெத்தவளைப் பால் சுமக்க அனுப்பிட்டு உள்ளே உட்கார்ந்து டிவி பார்க்குதா அந்த நங்கை? எங்க வீட்ல நான் இப்படிப் பண்ணுவேனா? எங்க வீட்ல அவங்க பால் கறப்பாங்க, அவ்வளவுதான், தூக்கிட்டுப் போறது நானோ அவரோதான்!

கண்டக்டர் அண்ணா! நிறுத்துங்க! ஆமா, இங்கதான்! டிக்கெட் அடுத்த ஸ்டாப்புக்கா இருந்தா என்ன, நான் இங்கேயே இறங்கிக்கறேன்! பாப்பா, எழுந்திரு சாமி, எழுந்திரு, ஆத்தா அங்க இருக்காங்க பாரு. அக்கா, அந்தப் பையை எடுங்க. சப்போட்டா நசுங்கினா நசுங்கிட்டுப் போகுது!

அத்தை! ஏனுங்கத்தை! அந்தக் கேனைக் கீழே வைங்க முதல்ல! உங்களுக்கு அறிவிருக்குதுங்களா? கை வலிக்கும்னு தெரியாதுங்களா? யாருங்க உங்களைத் தூக்கச் சொன்னது? எங்க அந்த நங்கை? கூப்பிடுங்க, நான் கேட்கறேன்!

திரும்பிட்டாங்க. பார்த்துட்டாங்க. நிக்கறாங்க. அக்கா, என்னமோ சொல்றாங்க, இந்த இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேட்கலை. டிரைவர் அண்ணா, பஸ்ஸை நிறுத்திக் கொஞ்சம் இஞ்சினை ஆஃப் பண்ணுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!

கேட்டுதா? 'ஓடற பஸ்ஸுல கைப்புள்ளைய வெச்சுக்கிட்டுப் படியில தொங்கறா பாரு, கூறுகெட்டவ'ன்னாங்க! அத்தனை பேர் முன்னால! பால்பண்ணையே திரும்பிப் பார்க்குது! 'புள்ள தலையில ஒரு துணி போடத் துப்பில்ல, புத்தகம் எழுதறாளாம்'ங்கறாங்க! திட்டறாங்கக்கா! என்னைத் திட்டறாங்க!

இருங்கத்தை, வர்றேன்! பஸ் நின்னுருச்சு, இதோ இறங்கிட்டேன், மெதுவாத்தான் இறங்கறேன்! நீங்க நிறுத்தாதீங்க, நான் கிட்ட வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே இருங்க!